மணப்பெண் பூப்பறிக்கப் போயிருக்கிறாள்

தொலைபேசி அடித்தபோது ஷம்சி சீமைமாதுளை வெட்டிக்கொண்டிருந்தாள். லேசில் வெட்டுப்படுகிற பழம் இல்லை அது. கத்தியை நட்டுவைத்து, மேலே உள்ளங்கையை ஊன்றி, உடம்பின் கனத்தையெல்லாம் இறக்க வேண்டும். நடையில் கணவர் போனை எடுப்பது கேட்டது. எட்டிப் பார்த்தாள். நுஸ்ரத் நாற்காலியை விட்டு எழுந்து நின்றார். வீட்டில் போட்டுக்கொள்ளும் பழைய கம்பளிச் சட்டையின் மேல் பொத்தானை மாட்டினார். எதிர்முனையில் யார் என்று அவளுக்குத் தெரிந்துவிட்டது. போனில் பேசும்போது அவர் பொத்தான் மாட்டுவது ஒரே ஒருவருக்குத்தான், மன்னருக்கு.

"தங்கள் நிழல் ஒண்ணு போதும் எனக்கு" என்றார் நுஸ்ரத். "இந்த நேரத்துல தங்களை விட்டுட்டு நான் எங்கே போறது… தங்கள் காலடி மண் நான்… இல்லை, இல்லை, அப்படி ஒரு ஆசையே எனக்குக் கிடையாது…" பிறகு, வைத்துவிட்ட போனைப் பார்த்தே ஒரு சின்ன வணக்கம்.

சமையலறைக்கு வந்து வெட்டிய பழத்தில் ஒரு துண்டைப் பச்சையாகவே எடுத்து வாயில் போட்டு, துவர்ப்பில் முகத்தைச் சுளித்தார்.

"என்னவாம்?"

"லிஸ்பனுக்குத் தூதரா போறியான்னு கேட்டார்."

"நீங்க?"

"வேண்டாம்னேன்."

கத்தி பாதிப் பழத்தில் நின்றது. வெளியே தெஹ்ரான் இரண்டு மாதமாக மன்னருக்கு எதிராகக் கொதித்துக்கொண்டிருந்தது. வங்கிகளின் கண்ணாடிகள் தெருவில் கிடந்தன. ஒழிக என்று சுவர்களில் எழுதியிருந்த பெயர்களில் இவர் பெயரும் இருந்தது, அதுவும் மேலிருந்து இரண்டாவதாக. கோடையில்தான் இவரைப் பிரதமர் பதவியிலிருந்து இறக்கி, ஊரின் கோபத்துக்கு ஒரு கவளமாகப் போட்டுப் பார்த்தார்கள். ஊருக்குப் பசி அடங்கவில்லை.

"லிஸ்பன்… வேண்டாம்னீங்களா?"

"என்ன ஷம்சி, கேட்ட உடனே பெட்டியத் தூக்கிக்கிட்டு ஓடினா நல்லாவா இருக்கும்? பஞ்சத்துல அடிபட்டவன்னு நெனைக்க மாட்டாரு? மறுபடி கேப்பாரு. நம்ம கல்யாணத்த நெனச்சுக்கோ."

அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அந்தக் கல்யாணத்தில் அவள் மானம் போனது குடும்பம் முழுக்கப் பிரசித்தம். சம்மதமா என்று முல்லா முதல் தடவை கேட்கும்போது மணப்பெண் வாயே திறக்கக் கூடாது. பின்னால் நிற்கும் பெண்கள் "மணப்பெண் பூப்பறிக்கப் போயிருக்கா" என்று கூவ வேண்டும். இரண்டாவது தடவைக்கு, "பன்னீர் எடுத்துவரப் போயிருக்கா." மூன்றாவது தடவைதான் அவள், பெரியவர்கள் உத்தரவோடு, சரி என்று சொல்லலாம். ஷம்சியோ முல்லா முதல் தடவை கேட்டு முடிப்பதற்குள்ளேயே "ச…" என்று ஆரம்பித்துவிட்டாள். சின்னம்மா இடுப்பில் கிள்ளிய கிள்ளு ஒரு வாரம் கன்றிப்போய்க் கிடந்தது. மணமக்களுக்கு எதிரே வைத்திருந்த கண்ணாடியில் மாப்பிள்ளையின் முகத்தைப் பார்த்தாள். நுஸ்ரத் உதட்டைக் கடித்துச் சிரிப்பை அடக்கிக்கொண்டிருந்தார். இவரோடு காலம் தள்ளிவிடலாம் என்று அவளுக்கு அந்த நிமிஷம் தோன்றியது.

கெர்மான் தபாலாபீஸ் குமாஸ்தாவின் மகன் நுஸ்ரத். உபகாரச் சம்பளத்தில் படித்து, வெளியுறவு இலாகாவில் மொழிபெயர்ப்பாளராக நுழைந்து, பெரியவர்கள் பேசுவதை மென்மையாக்கிச் சொல்லிச் சொல்லியே மேலே வந்தவர். தபால் அமைச்சராகி, பிரதமரான பிறகும் கோட்டுப் பையில் பிஸ்தா இல்லாமல் வெளியே கிளம்ப மாட்டார். அமைச்சரவைக் கூட்டத்தில் ஆரஞ்சை உரித்து, தான் ஒரு சுளைகூடத் தின்னாமல் எல்லோருக்கும் நீட்டுவார். வாசல் என்று ஒன்று வந்துவிட்டால் போதும், "நீங்க முதல்ல" என்று ஒதுங்கி நின்றுவிடுவார். அவர்கள் "ஐயையோ, நீங்க இருக்கும்போதா" என்பார்கள். ஒருமுறை வெளிநாட்டுத் தூதர் ஒருவர் உள்ளே காத்திருக்க, மொத்த அமைச்சரவையும் வாசலிலேயே சிக்கிக்கொண்டு நின்றது. கடைசியில் தேநீர்த் தட்டோடு வந்த பணியாள் எல்லோரையும் இடித்துக்கொண்டு முதலில் போனான். அன்றைக்கு வீட்டுக்கு வந்து இதை நடித்துக்காட்டி, கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தார். அந்த மனிதரைத்தான் அவள் கட்டிக்கொண்டாள். அவர் எதிலெல்லாம் கையெழுத்துப் போட்டார் என்பதும் அவளுக்குத் தெரியாமல் இல்லை.

சீமைமாதுளை ஜாம் சிவந்து, ஆறி, பாட்டிலுக்குப் போனது. போன் அடிக்கவில்லை. அடித்தாலும் ஷம்சியின் தங்கை, ஜாமுக்கு ஏலக்காய் போட்டாயா என்று கேட்பதற்கு. நுஸ்ரத் குளிக்கப் போனால் கதவைத் திறந்தே வைத்தார். தோட்டத்துக்குப் போனால் ஜன்னலுக்குக் கீழேயே நின்றார். ஷம்சி அவருக்குத் தெரியாமல் ஒரு பெட்டியில் இருவரின் குளிர்காலத் துணியையும் அடுக்கிக் கட்டிலுக்கு அடியில் தள்ளினாள். மறுநாள் பார்த்தால் அதற்குள் அவருடைய சவரக் கத்தியும் இருந்தது. இருவரும் அதைப் பற்றிப் பேசிக்கொள்ளவில்லை.

பழைய சகாக்கள் ஒவ்வொருவராகப் பறந்துகொண்டிருந்தார்கள். "நிதியமைச்சர் போயிட்டாராம், கேட்டதும் சரின்னுட்டாராம்" என்பார் நுஸ்ரத். "வெக்கங்கெட்டவன். ஒரு தடவையாவது மறுக்க வேண்டாமா?" சிரிப்பார். நாளாக ஆக, அந்தச் சிரிப்பு தொண்டைக்கு மேல் வரவில்லை.

மன்னரே நாட்டை விட்டுப் பறந்துவிட்டார் என்று வானொலி சொன்ன மத்தியானம், தெருவில் கார்கள் விளக்கைப் போட்டு ஹாரனை அடித்துக்கொண்டு போயின. யாரோ யாருக்கோ இனிப்பு கொடுத்தார்கள். நுஸ்ரத் நடையில் போன் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். மேல் பொத்தான் மாட்டியிருந்தது.

"போறதுக்கு முன்னாடி ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்" என்றார்.

ஷம்சிக்கு அதுவரை அடக்கியதெல்லாம் பொங்கிக்கொண்டு வந்தது.

"அவரு எப்படிக் கேப்பாரு? நம்ம ஊர்ல கழுதை மேய்க்கிறவனுக்குக்கூடத் தெரியும், மூணு தடவை கேக்கணும்னு. அவருக்கு மட்டும் யாரு கத்துக்குடுத்தா? வேண்டாம்னு ஒரு வார்த்தை அவரு காதுல விழுந்திருந்தாத்தானே மறுபடி கேக்கணும்னு தெரியும்? இத்தனை வருஷமா அவரு வாயத் தெறக்கிறதுக்கு முன்னாடியே சரி, சரி, சரின்னு நின்னீங்க. பத்திரிகைய மூடணுமா, சரி. பசங்களப் புடிக்கணுமா, சரி. பூப்பறிக்க ஒரு நாளாவது போனீங்களா? மொத மொதல்ல ஒரு வேண்டாம் சொன்னீங்க, அந்த மனுஷன் அத நெசம்னு நம்பிட்டாரு. அவரு மேல என்ன தப்பு?"

பீஜனின் பெயரை அவள் எடுக்கவில்லை, ஆனால் பீஜன் அந்த நடையில் வந்து நின்றுவிட்டான் என்று இருவருக்கும் தெரியும்.

பீஜன் ஷம்சியின் தம்பி மகன். பொறியியல் படிக்கும்போது ஏதோ துண்டுப் பிரசுரத்தை வைத்திருந்தான் என்று ரகசியப் போலீஸ் பிடித்துக்கொண்டு போனது. மாமா பிரதமர். ஒரு வார்த்தை போதும் என்று குடும்பமே நம்பியது. நுஸ்ரத்தும் கேட்டார். ஒரு புதன்கிழமை, மற்ற வேலையெல்லாம் முடிந்து எழும்போது, "என் மனைவியின் மருமகன் ஒருத்தன்…" என்று ஆரம்பித்தார். மன்னர் ஜன்னல் வழியாக மலையைப் பார்த்து, இந்த வருஷம் பனி நன்றாக இருக்கிறது என்றாராம். நுஸ்ரத்தும் ஆமாம், நன்றாக இருக்கிறது என்று சொல்லிவிட்டு வந்துவிட்டார். "நேரம் பார்த்து மறுபடி கேக்கிறேன் ஷம்சி" என்றார் வீட்டில். பீஜன் சிறையில் இருந்த நான்கு வருஷமும் அந்த நேரம் வரவே இல்லை. பீஜன் வெளியே வந்தபோது வலது காலை இழுத்து நடந்தான். உள்ளங்காலில் அடித்திருந்தார்கள். அந்த நான்கு வருஷமும் ஷம்சி அவர் பக்கத்தில்தான் படுத்தாள், அவருக்கு மூட்டு வலித்தால் தைலம் தேய்த்தாள், பல ராத்திரிகள் அவர் தூங்கிய பிறகு அவரை வெறுத்தாள். காலையில் தேநீருக்குச் சாமோவரில் வெந்நீர் ஏற்றும்போது அந்த வெறுப்பு எங்கே போகும் என்று அவளுக்கே தெரியாது.

படைமுகாம்கள் ஒவ்வொன்றாகப் புரட்சிக்காரர்களிடம் விழுந்த அந்த நாளில் காலையிலிருந்தே துப்பாக்கிச் சத்தம். சமையல்காரன் முந்தின நாளே போய்விட்டிருந்தான். அழைப்பு மணி அடித்தது. ஷம்சி கதவைத் திறந்தாள். பீஜன். புஜத்தில் புரட்சிக்காரர்களின் வெள்ளைத் துணி கட்டியிருந்தான், தோளில் யாருடையதோ ஒரு துப்பாக்கி. தாடிக்குள் முகம் வெளிறிப் போயிருந்தது.

"அத்தை, மாமா இருக்காரா?"

"எதுக்குடா?"

"அடுத்த தெருவுல ஒவ்வொரு வீடா தட்டிக்கிட்டு வராங்க. நம்ம பசங்கதான். நான் சொன்னா கேக்க மாட்டாங்க. கார் முனையில நிக்குது. கஸ்வீன்ல ஒரு சிநேகிதனோட அம்மா வீடு இருக்கு, அங்கிருந்து எல்லைக்கு ஆள் பேசியாச்சு. ரெண்டு பேரும் கிளம்புங்க."

நுஸ்ரத் நடைக்கு வந்தார். சிறையிலிருந்து வந்த பிறகு பீஜன் இந்த வீட்டுப் படி ஏறியதே இல்லை. இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள்.

"வாப்பா. உட்காரு. டீ சாப்பிடறியா?" என்றார் நுஸ்ரத்.

"டீக்கெல்லாம் நேரமில்ல மாமா. வாங்க, போகலாம்."

"உனக்கு எதுக்குச் சிரமம்? நீ வந்து பாத்ததே பெரிசு. நான் இங்கேயே இருக்கேன், வந்தா பேசிக்கலாம்."

ஒன்று, என்று ஷம்சி மனசுக்குள் எண்ணினாள். உள்ளே ஓடிக் கட்டிலுக்கு அடியிலிருந்த பெட்டியை இழுத்தாள்.

"பேசறதா? மாமா, அவங்க பேச வரல. வாங்க, தயவுசெஞ்சு."

"என்னால உன் பேரு கெட்டுடும்டா. வேண்டாம். நீ போ."

இரண்டு. ஷம்சி பெட்டியோடும் அவருடைய ஓவர்கோட்டோடும் நடைக்கு வந்து நின்றாள். இந்த வேண்டாம் எந்த வேண்டாம் என்று முப்பது வருஷம் குடித்தனம் நடத்திய அவளுக்கே பிடிபடவில்லை. அவர் முகத்தில் உபசாரமும் இல்லை, பயமும் இல்லை. பள்ளிக்கூடத்தில் பாடம் மறந்துபோன பையன் போல நின்றார்.

பீஜனுக்குக் கோபம் வந்தது. துப்பாக்கியைச் சுவரில் சாய்த்துவிட்டு நெருங்கி வந்தான். அவன் காலை இழுக்கும் சத்தம் கல் தரையில் கேட்டது.

"மாமா, மூணாவது தடவை கேக்கறேன். இதுக்கு மேல நம்ம நாட்டுல யாரும் யாரையும் கேக்க மாட்டாங்க. எங்கூட வாங்க."

தெரு ஓசை மட்டும் வந்துகொண்டிருந்தது.

"உனக்காக நான் ஒரே தடவைதாண்டா கேட்டேன்" என்றார் நுஸ்ரத். "ஒரே ஒரு தடவை. அவரு பனியப் பத்திப் பேசினாரு. நானும் பேசினேன்."

"தெரியும்."

"தெரிஞ்சுமா வந்தே?"

பீஜன் வாசலருகே கிடந்த அவருடைய ஷூக்களைக் குனிந்து எடுத்தான். வலது காலை மடக்க முடியாததால் சுவரைப் பிடித்துக்கொண்டு சரிந்தாற்போல் உட்கார்ந்து, இரண்டையும் ஜோடி சேர்த்து, முனை தெருவைப் பார்க்கும்படி வைத்தான். பெரிய விருந்தாளி கிளம்பும்போது வீட்டுப் பிள்ளைகள் வைப்பது போல. "ஈரமா இருக்கு வெளியில" என்றான். "பாத்து போட்டுக்குங்க."

நுஸ்ரத் அந்த ஷூக்களைப் பார்த்தார். ஷம்சியைப் பார்த்தார். அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "மணப்பெண் பூப்பறிச்சிட்டு வந்துட்டா" என்றாள், அவருக்கு மட்டும் கேட்கும்படி.

அவர் ஷூவுக்குள் காலை நுழைத்தார். கயிற்றைப் பீஜனே கட்டிவிட்டான். ஷம்சி கோட்டை விரித்துப் பிடிக்க, முதலில் ஒரு கை, பிறகு மறு கை. பையில் பழைய பிஸ்தா கலகலத்தது. தெருமுனைக்கு அந்தப் பக்கம் ஒரு கதவை இடிக்கும் சத்தம் கேட்டது, பிறகு பல குரல்கள்.

பீஜன் கதவை விரியத் திறந்து, பழக்கதோஷத்தில் ஒதுங்கி நின்றான். "வாங்க மாமா."

நுஸ்ரத் வாசற்படி வரை போனார். அங்கே நின்றுவிட்டார். பீஜனின் காலைப் பார்த்தார். பிறகு ஒரு ஓரமாக ஒதுங்கி, தெருவை நோக்கிக் கையை நீட்டினார்.

"நீ முதல்ல போப்பா."

"ஐயோ மாமா, நீங்க."

"இல்ல. எனக்கு முன்னாடி போக வேண்டியவன் நீ. போ."

"நீங்க போகாம நான் எப்படி…"

குரல்கள் முனை திரும்பிவிட்டன. இருவரும் அந்த வாசலின் இருபுறமும், கையை நீட்டியபடி, தலையைத் தாழ்த்தி நின்றார்கள். ஷம்சி பெட்டியைக் கீழே போட்டாள். இரண்டு பேரின் முதுகிலும் ஆளுக்கொரு உள்ளங்கையை ஊன்றி, உடம்பின் கனத்தையெல்லாம் இறக்கினாள்.