சவரியம்மாள் ஏறிய சிலேட்டுக் கூரை

ரெமிஜியஸ் மஸ்கட்டுக்கு விமானம் ஏறிய அன்று அவன் மனைவி சவரியம்மாளின் எடை முழுவதும் போய்விட்டது. ரேஷன் கடைத் தராசில் ஏறி நின்று பார்த்தாள், முள் அசையவில்லை. தஞ்சாவூர் டாக்டர் சத்து மாத்திரை எழுதிக் கொடுத்தார். மன்னார்குடிப் பக்கத்துக் கிராமங்களுக்கு எஸ்.டி.டி. பூத்தும் கேபிள் டிவியும் வந்த வருடம் அது. வீட்டுக்கு ஒருவர் வெளிநாட்டுக்கோ திருப்பூருக்கோ கிளம்பிக்கொண்டிருந்ததால், இதை யாரும் பெரிதாகப் பேசவில்லை. அவளுக்குத்தான் வெட்கம். அம்மிக் குழவியை ஒரு பையில் போட்டுச் சுமந்தபடியே நடமாடினாள்.

அந்த ஊர் மாதா கோவிலின் கூரை, நூறு வருடத்துக்கு முன் கப்பலில் வந்த சிலேட்டுக் கல். பள்ளிக்கூடச் சிலேட்டைப் போல மெல்லியது. மீன் செதில் மாதிரி அடுக்கியிருந்த அந்தக் கல்லின்மேல் பாசி மெத்தையாக வளர்ந்து தண்ணீரைத் தேக்கியதால், பீடத்தில் மழை ஒழுக ஆரம்பித்தது. துபாயிலிருந்து திரும்பிய காண்ட்ராக்டர் செல்லதுரை மோட்டார் வைத்துத் தண்ணீரைப் பீய்ச்சினார். பதினோரு கல் பறந்து போய் நொறுங்கியது. ஆளை ஏற்றினார், மிதித்த இடமெல்லாம் விரிசல். ஐப்பசி மழைக்குள் சரியாகாவிட்டால் கல்லைப் பிரித்துவிட்டு ஆஸ்பெஸ்டாஸ் போடச் சொல்லி மேலிடத்திலிருந்து கடிதம் வந்தது.

ஞாயிறு பூசை முடிந்ததும் சவரியம்மாள் பங்குச்சாமியார் அடைக்கலசாமியிடம் போய் நின்றாள். குழவியைக் கீழே வைத்தாள். தரையைவிட்டு ஒரு முழம் எழும்பினாள்.

"சாமி, நான் ஏறுனா ஒரு கல்லும் உடையாது."

அவர் அண்ணாந்து பார்த்தார். "ஏறும்மா. ஆனா கயிறு கட்டாம ஏறக்கூடாது."

ஆனி வெயிலில் பாசி காய்ந்து வரட்டியைப் போல ஆகியிருந்தது. இரும்பு கூடாது, மரத் துடுப்பு போதும் என்று அவளே முடிவு செய்தாள். முகட்டிலிருந்து தொடங்கி, கல்லின் விளிம்பு தூக்கிவிடாமல், மேலிருந்து கீழாகவே நெம்பினாள். பாசி பாய் பாயாகக் கழன்று விழுந்தது. அடியில் நீலக் கல் பளபளத்தது. அவள் இடுப்புக் கயிற்றைக் கீழே பத்துப் பேர் பிடித்திருந்தார்கள். முன்னால் நின்றவர் மோட்டார் மெக்கானிக் ஜெகபர் அலி, கயிற்றைக் கையில் நாலு சுற்றுச் சுற்றியிருந்தார். அவளுக்குப் பாடத் தோன்றியது. இத்தனை மாதம் எதற்குக் கல்லைச் சுமந்தோம் என்று சிரிப்பும் வந்தது.

மூன்றாம் நாள் காலை அவள் நிமிர்ந்தபோது, மேற்கே பாமணி ஆற்று மணலில் ஒரு கோடு மின்னி நகர்ந்தது.

"தண்ணி வருது! மேட்டூர்த் தண்ணி வருது!"

அவ்வளவுதான். ஒன்பது பேர் கயிற்றை விட்டுவிட்டு ஆற்றுக்கு ஓடினார்கள். ஜெகபர் அலியும் ஓடினார், கையில் சுற்றிய கயிற்றோடு. சவரியம்மாள் கூரையிலிருந்து கிளம்பி, காற்றாடியாக, புளியமரத்துக்கு மேலே, காய்ந்த வயல்களுக்கு மேலே, சேலை படபடக்கப் பறந்தாள். "இன்னும் வேகமாப் போங்க அண்ணே!" என்று கத்தினாள். நுரையும் சருகுமாகத் தண்ணீர் மதகைத் தொட்டபோது அவளும் அங்கே இருந்தாள். பெண்கள் குலவையிட்டார்கள்.

அடுத்த வாரம் மிச்சப் பாசியும் போனது. உடைந்த இடங்களில், கோவில் கிடங்கில் கிடந்த பழைய உபரிக் கல்லைச் செருகினாள். மறுபடி பிடிக்காமலிருக்க, எரிந்துபோன போர்வெல் மோட்டாரிலிருந்து ஜெகபர் அலி உருவிக் கொடுத்த செம்புக் கம்பியை முகடு நெடுக வைத்துக் கட்டினாள். மழையில் செம்பு ஊறி இறங்கும் இடத்தில் பாசி அண்டாது. ஐப்பசி முழுக்கப் பீடம் நனையவில்லை. ஆஸ்பெஸ்டாஸ் பேச்சை யாரும் பிறகு எடுக்கவில்லை. தஞ்சாவூரிலும் தரங்கம்பாடியிலும் உள்ள பழைய பங்களாக்காரர்கள் அவளைத் தேடி வந்தார்கள்.

இரண்டு வருடம் கழித்து ரெமிஜியஸ் பூத்துக்குப் போன் செய்தான். "விசா கெடைச்சிருச்சு. கெளம்பி வா."

"எனக்கு இங்க கூரை நெறைய இருக்கு. நீங்க வாங்க."

தை மாதம் அவன் வந்துவிட்டான். சாயங்காலம் இருவரும் கடைத்தெருவுக்குப் போய்த் திரும்பினார்கள். அவனுக்கு ஒரு கையில் கத்தரிக்காய்ப் பை, மறு கையில் அவள் கை. அவள் பாதம் தரைக்கு நாலு விரல் மேலே வந்துகொண்டிருந்தது. எதிரே வந்த பக்கத்து வீட்டு ராசம்மாள் நின்று, கத்தரிக்காய் கிலோ என்ன விலை என்று கேட்டாள்.