விரதச் சோறு

கிள்ளானை அடுத்த பண்டமாரானில், நல்லம்மாள் வீட்டு அடுப்பில் இன்று புதுப் பானை ஏறியிருந்தது. வீடு முழுவதும் கழுவிவிட்ட ஈர வாசனை. வழக்கமாகக் கொடியில் தொங்கும் கருவாட்டைக் காணோம். மீன் சட்டி பின்வாசலுக்கு வெளியே கவிழ்ந்து கிடந்தது.

“உங்களுக்காகத்தான் டாக்டரம்மா,” என்றாள் நல்லம்மாள், ஏழு மாத வயிற்றைப் பிடித்தபடி இலை போட்டுக்கொண்டே. “காலையில தலைக்குக் குளிச்சிட்டுத்தான் அடுப்பப் பத்த வச்சேன். விரதக்காரங்களுக்கு மீன் பட்ட சட்டியில ஆக்கிப் போட்டா எனக்குல்ல பாவம்?”

மெய்யம்மைக்கு உட்கார்ந்திருந்த பாய் சுட்டது.

அவள் வைத்தியம் பார்க்கும் டாக்டர் அல்ல. கோலாலம்பூரில் ஒரு பல்கலைக்கழகத்தில் ஆராய்ச்சி செய்பவள். கிள்ளான் ஆற்று முகத்துவாரத்தின் சேற்றிலும் மீனிலும் பாதரசமும் மற்ற உலோகங்களும் எவ்வளவு சேர்ந்திருக்கின்றன என்று பார்ப்பது அவள் வேலை. அந்த மீனைத் தின்பவர்களின் தலைமுடியிலும் பாதரசம் தங்கும். அதனால் போன மாதம் இந்த வரிசை வீடுகளில் ஏறி இறங்கி ஆளுக்கு ஒரு கற்றை முடி கேட்டாள். “முடியா? எதுக்கு, சூனியம் வைக்கவா?” என்று மற்றப் பெண்கள் சிரித்துக் கதவைச் சாத்தினார்கள். நல்லம்மாள் மட்டும் பின்னலை அவிழ்த்துக்கொண்டு முன்னால் வந்து உட்கார்ந்தாள். வெட்டி முடித்ததும் சாப்பிடாமல் போகக் கூடாது என்று இலை போட்டாள். அவள் புருஷன் பக்கிரிசாமி, துறைமுகத்தில் வேலை முடிந்ததும் ஆற்றுவாயில் தூண்டில் போட்டுப் பிடித்துவந்த கெளுத்தி. புளிக்குழம்பு கொதித்து மணந்தது.

அந்த இடத்துக் கெளுத்தியில் என்ன இருக்கிறது என்று மெய்யம்மைக்கு அப்போதே தெரியும். ஆய்வறிக்கை சுகாதார இலாகாவுக்குப் போய் வரும்வரை வெளியே மூச்சு விடக் கூடாது என்று பேராசிரியர் சொல்லியிருந்தார். கை இலைக்குப் போகவில்லை. வாய்தான் முந்திக்கொண்டது.

“தைப்பூசத்துக்கு விரதம்லா, நல்லம்மா.”

நல்லம்மாள் பதறிப்போய்க் கன்னத்தில் போட்டுக்கொண்டு இலையை எடுத்தாள். பிறகு அதே குழம்பைத் தன் சோற்றில் ஊற்றிப் பிசைந்து, பசியோடு சாப்பிட்டாள். மெய்யம்மை அவளைப் பார்த்துக்கொண்டே கறுப்புக் காப்பி குடித்தாள். அன்று மாலை பிரிக்பீல்ட்ஸில் தன் வீட்டில் முருகன் படத்துக்கு விளக்கேற்றப் போனவள், தீக்குச்சியைக் கிழிக்காமலே திரும்பி வந்துவிட்டாள்.

இப்போது முடிப் பரிசோதனையின் முடிவும் வந்துவிட்டது. பேராசிரியர் என்ன சொன்னாலும் இன்று சொல்லிவிடுவது என்றுதான் பேருந்து ஏறினாள். வந்து பார்த்தால் அடுப்பில் புதுப் பானை.

நல்லம்மாள் சாம்பாரை ஊற்றினாள். பூசணிக் கூட்டு வைத்தாள்.

“ஒண்ணு கேக்கட்டுமா டாக்டரம்மா? சிரிக்கக் கூடாது. பத்துமலை போறப்ப எனக்காகவும் ஒரு வார்த்த சொல்லுங்க. போன தடவ வயித்துல தங்கல. விரதம் இருக்கிறவங்க வாயால கேட்டா முருகன் குடுப்பான்.”

பிசைந்த சோறு மெய்யம்மையின் கையிலேயே நின்றது.

“நல்லம்மா, நான் விரதம் இல்ல.”

“என்னங்க?”

“அன்னிக்குப் பொய் சொன்னேன். அந்த ஆத்து மீன்ல பாதரசம் இருக்கு. விஷம். உங்க முடியிலயும் இருக்கு, கூடுதலாவே இருக்கு. வயித்துப் பிள்ளைக்கும் போகும். இனிமே அந்த மீன் வேணாம். நாளைக்கே ஆஸ்பத்திரிக்கு நான் கூட்டிட்டுப் போறேன்.”

நல்லம்மாள் கையில் எடுத்திருந்த கரண்டியிலிருந்து ரசம் பாயில் சொட்டியது.

“அப்ப… தெரிஞ்சுதான் நீங்க மட்டும் சாப்பிடலையா?”

மெய்யம்மை ஆமென்று தலையை ஆட்டினாள். ஆட்டிய தலை நிமிரவில்லை. இலையை மடித்து எழப் பார்த்தாள்.

“உக்காருங்க. சோத்துல பாதியில எந்திரிக்கக் கூடாது.”

அந்தக் குரலில் என்ன இருந்தது என்று மெய்யம்மைக்குப் பிடிபடவில்லை. ரசம் மட்டும் இலை கொள்ளாத அளவுக்கு விழுந்தது.

வாசலில் சைக்கிள் மணி அடித்தது.

“டாக்டரம்மா வந்துட்டாங்களா?” பக்கிரிசாமியின் குரல் ஆளுக்கு முன்னால் உள்ளே வந்தது. “இந்தா புள்ள, கெளுத்தி. இன்னிக்குப் பெருசுலா! பூசம் முடியட்டும், அவங்களையும் ஒரு பிடி பிடிக்க வச்சிரலாம்.”

நல்லம்மாள் போய்ப் பையை வாங்கினாள். உள்ளே ஒன்று இன்னும் வாலடித்துக்கொண்டிருந்தது. பை வயிற்றில் பட்டுவிடாமல் கையை நீட்டிப் பிடித்தபடி, அதை எங்கே வைப்பதென்று தெரியாமல், அவள் வாசற்படியிலேயே நின்றாள்.