ஒற்றை மாத்தா

ஈப்போ நகரப் பேருந்து நிலையத்தில் சனிக்கிழமைப் பிற்பகலைக் கழிப்பதற்குக் கார்த்திகேசுவுக்குப் பயணச்சீட்டு எதுவும் தேவைப்பட்டதில்லை. போகின்றவர்களையும் வருகின்றவர்களையும் பார்த்துக்கொண்டிருப்பதே அவனுடைய பொழுதுபோக்கு. தாப்பா ஊருக்குப் போகும் பேருந்து நிற்கும் இடத்திற்கு அருகிலிருந்த ஷரபுதீன் பாயின் கடையில் அவனும் அவனுடைய நண்பன் ஜெயபாலனும் ஆளுக்கொரு தேநீருடன் அமர்வார்கள். வரிசையில் நிற்பவர்களுள் ஒருவரைத் தேர்ந்தெடுத்து, அவர் எங்கே போகிறார், எதற்காகப் போகிறார் என்று ஊகிப்பது அவர்களுடைய விளையாட்டு.

"அந்தக் கோழிக்கூடைக்காரரு மக வூட்டுக்குப் போறாருலா," என்பான் ஜெயபாலன்.

"மக வூட்டுக்குக் கஞ்சி போட்ட சட்டையா? சம்பந்தி வூட்டுக்குச் சண்டைக்குப் போறாரு."

"கோழியோடயா சண்டைக்குப் போவாங்க?"

"சமாதானம் ஆயிட்டா அறுக்கணும்ல."

கார்த்திகேசுவின் இடக்கண் கண்ணாடிக் கண். சிலிம் ரிவர் என்னும் ஊருக்கு அருகிலிருந்த தோட்டத்தில் அவன் பணியாற்றிய காலத்தில், ரப்பர்ப் பாலை உறைய வைக்கும் அமிலம் தெறித்து அக்கண் வெந்துபோயிற்று. தோட்டம் விற்கப்பட்ட பின்னர் அவன் ஈப்போவை அடுத்த குனோங் ராபாட்டில் குடியேறி, பளிங்குக்கல் அறுக்கும் ஆலையில் வேலைக்குச் சேர்ந்தான். அவன் மனைவி நல்லம்மாளும் ஜெயபாலனும் தவிர அங்கு வேறெவரும் அக்கண்ணைப் பற்றி அறிந்திலர்.

உற்று நோக்கப்படுவதை மனிதர்கள் விரும்புவதில்லை என்பதை அவன் நன்குணர்ந்திருந்தான். ஆதலால், தலையைத் திருப்பாமல் கண்ணை மட்டும் ஓட்டிப் பார்ப்பதை ஒரு மரியாதையாகவே பழகி வைத்திருந்தான். ஆயினும், வலக்கண் போகும் பக்கமெல்லாம் கண்ணாடிக் கண் போவதில்லை. அது நேர் எதிரே நிலைகுத்தி நின்றது. அது யாரைப் பார்த்து நிற்கிறது என்பதை மட்டும் அவனால் பார்க்க இயலவில்லை.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து எழுபத்தொன்பதாம் ஆண்டின் ஒரு சனிக்கிழமையன்று அவனுடைய வலக்கண், தாப்பா வரிசையில் நின்ற ஒரு புதுமணப்பெண்ணின் மீது பதிந்திருந்தது. கழுத்துக் கயிற்றின் மஞ்சள் இன்னும் மங்காத அப்பெண், கணவனை விட்டு ஏன் அவ்வளவு தள்ளி நிற்கிறாள் என்று அவன் சிந்தித்துக்கொண்டிருந்தான். நேர் எதிர் மேசையிலோ, அவ்வட்டாரத்துக் குண்டர் கும்பலின் தலைவனாகிய பத்துமலை தன் ஆட்கள் இருவருடன் அமர்ந்திருந்தான்.

"என்னா பாக்குறே?" என்றான் பத்துமலை.

அக்கேள்வி தனக்குரியது என்று கார்த்திகேசு எண்ணவில்லை. மறுகணம் அவனுடைய மேசை கவிழ்ந்து, தேநீர்க் குவளைகள் தரையில் சிதறின.

"ஒன்னத்தான்டா. நான் ஒக்காந்ததுலேருந்து என் மூஞ்சியவே பாத்துக்கிட்டிருக்கே. எவன் அனுப்புனான் ஒன்ன? நீ மாத்தாவா?"

மாத்தா என்பது காவல்துறையினருக்கு அவ்வூர்த் தமிழர் வழங்கிய பெயர். மலாய் மொழியில் அச்சொல்லுக்குக் கண் என்பதே பொருள்.

"ஒங்கள நான் பாக்கலண்ணே."

பத்துமலை அவனுடைய தலைமயிரைப் பற்றி இழுத்துத் தூணில் மோதினான். இடுப்பிலிருந்து, ரப்பர் மரம் சீவும் வளைந்த பால்வெட்டுக் கத்தியொன்றை உருவினான். "எந்தக் கண்ணு பாத்துச்சோ அதத் தோண்டிப்புடுறேன்," என்று சொல்லி, இடக்கண்ணின் மீது அதன் நுனியை இறக்கினான்.

'டக்' என்று ஓர் ஒலி எழுந்தது. கத்தி உள்ளே இறங்கவில்லை. பத்துமலையின் கை அப்படியே நின்றது.

அந்த அமைதியில் ஜெயபாலன் வாயைத் திறந்தான். "மச்சான், தப்பான ஆளப் புடிச்சிட்டியே. அவன் எங்கலா மாத்தா? அவனுக்கே ஒரு மாத்தாதான் இருக்கு."

கடை சிரித்தது. வரிசையில் நின்றவர்களும் சிரித்தனர். பத்துமலையுடன் வந்திருந்த இருவருள் ஒருவனும் அடக்கமாட்டாமல் சிரித்துவிட்டான்.

பத்துமலை திரும்பி, கத்திப்பிடியால் ஜெயபாலனின் வாயில் ஓங்கிக் குத்தினான். அவன் விழுந்த பிறகும் காலணியால் அதே வாயை மிதித்தான். பற்கள் இரத்தத்துடன் தரையில் தெறித்தபோது சிரிப்பு முற்றிலும் நின்றுபோயிற்று. பின்னர் அவன் கார்த்திகேசுவின் கண்குழிக்குள் விரலை விட்டுக் கண்ணாடிக் கண்ணைப் பிடுங்கி, தரையிலிட்டு நசுக்கினான்.

"இது பொய்யி. அசல் அடுத்த சனிக்கெழம. நீ இங்கன இருக்கணும். இல்லாட்டி ஒன் வூட்டுக்கு வாரேன்."

அன்று மாலை நல்லம்மாள் வெற்றுக் கண்குழியை வெந்நீரால் துடைத்துக்கொண்டே கேட்டாள். "மாத்தாகிட்ட போயிச் சொன்னா என்னா?"

"சொன்னா நெசமாவே நான் அவனுங்க ஆளுன்னு ஆயிரும். வூட்டுக்குத்தான் வருவான்."

"மிச்சம் ஒன்னுதான் இருக்கு."

"தெரியும்."

"அதுவும் போச்சுன்னா, கல்லு அறுக்கப் போவியா? என் மூஞ்சி ஞாபகம் இருக்குமா ஒனக்கு?"

விளக்கை அணைக்கும் வரையில் அவளையே பார்த்துக்கொண்டிருந்தான்.

அடுத்த சனிக்கிழமை அவன் தூணையொட்டிய நாற்காலியில், தூண் தன் இடப்பக்கத்தை மறைக்கும்படி அமர்ந்தான். தன் குருட்டுப் பக்கம் எது என்பது பத்துமலைக்கு இப்போது தெரியும் என்பதை அவன் கணக்கிட்டிருந்தான். உதடு வீங்கிய ஜெயபாலனும் வந்து அருகில் அமர்ந்தான்.

"என்னா போடட்டும்?" என்று ஷரபுதீன் பாய் கேட்டார்.

"வெந்நீ, பாய்."

"குடிக்கிற சூட்டுலயா?"

"கொதிக்கிற சூட்டுல."

ஷரபுதீன் பாய் அவன் முகத்தைச் சற்று நோக்கினார். பின்னர், கடையிலிருந்தவற்றுள் மிகப் பெரிய தகரக் குவளையை நிரப்பிக் கொணர்ந்து, கைப்பிடி அவன் பக்கம் இருக்கும்படி வைத்துவிட்டுப் போனார்.

சிரித்தவர்களுள் தன் ஆளும் ஒருவன் என்பதால், பத்துமலை அன்று தனியாகவே வந்தான். இடப்பக்கமாக நெருங்கினான், தூண் தடுத்தது. அதைச் சுற்றி வந்து, ஒரு சொல்லும் பேசாமல் கத்தியை வீசினான். கார்த்திகேசு தலையைப் பின்னுக்கு இழுத்தும், வளைந்த நுனி அவனுடைய வலப்புருவத்திலிருந்து காது வரையில் கோடு போட்டது. இரத்தம் மடைதிறந்தாற்போல் இறங்கி அவனுடைய ஒரே கண்ணையும் மூடிற்று. உலகம் அணைந்தது.

"என்னா பாக்குறே இப்ப?" என்று பத்துமலையின் குரல் கேட்டது.

அக்குரல் எந்தத் திசையிலிருந்து வந்ததோ அந்தத் திசைக்குக் கார்த்திகேசு குவளையை வீசினான்.

அதன்பின் எழுந்த அலறலை அவன் முன்னரே அறிந்திருந்தான். தோட்டத்தில், அமிலத் தொட்டியருகே, அது அவனுடைய தொண்டையிலிருந்து வந்திருந்தது. சட்டையால் இரத்தத்தைத் துடைத்துப் பார்த்தபோது, பத்துமலை முகத்தைப் பொத்திக்கொண்டு தரையில் புரண்டுகொண்டிருந்தான். விரல்களுக்கிடையே தோல் உரிந்து தொங்கியது. இடக்கண் வேகவைத்த முட்டையைப் போல் வெளுத்திருந்தது.

கார்த்திகேசு அத்துடன் நிறுத்தவில்லை. பத்துமலையின் மணிக்கட்டை மிதித்துக் கத்தியைப் பறித்தான். மார்பின் மீது முழங்காலை ஊன்றி, எஞ்சிய வலக்கண்ணுக்கு மேலே கத்திமுனையை நிறுத்தினான். அக்கண் திறந்திருந்தது, அவனையே பார்த்தது. கீழே கிடந்தவன் மூச்சுவிடக்கூட அஞ்சினான்.

"வேணாம்லா," என்றான் ஜெயபாலன், பல்லில்லாத வாயால். "ஒன்னுக்கு ஒன்னு. போதும்."

கத்தி நெடுநேரம் அசையவில்லை. இறுதியில் கார்த்திகேசு அதைச் சாக்கடையில் எறிந்தான். விசாரிக்க வந்த காவலரிடம், அடுப்பிலிருந்த வெந்நீர் சரிந்துவிட்டதாக ஷரபுதீன் பாய் கூறினார். குண்டர் கும்பலைச் சேர்ந்தவன் காவல் நிலையத்தில் புகார் செய்வதில்லையாதலால், பத்துமலையும் வேறெதுவும் கூறவில்லை.

மழைக்காலம் முடிந்த பின்னரே பத்துமலை மீண்டும் பேருந்து நிலையத்தில் காணப்பட்டான். கருப்புக் கண்ணாடி அணிந்திருந்தான், உடன் எவருமில்லை. கார்த்திகேசு, புதிய கண்ணாடிக் கண்ணுடனும் புருவத்துத் தழும்புடனும், அதே தூணருகே அமர்ந்திருந்தான்.

"அந்தக் கருப்புக் கண்ணாடி," என்றான் ஜெயபாலன், அடையாளம் தெரியாமல். "எங்க போறான், சொல்லு."

கார்த்திகேசு ஊகிக்கவில்லை. இடத்தோள் வழியிலிருந்த தூணொன்றில் உராய அந்த மனிதன் நடந்த நடையை அவன் தன் உடம்பிலேயே கற்றிருந்தான். படிக்கட்டின் உயரத்தை ஒற்றைக் கண் தவறாகக் காட்டும் என்பதும் அவனுக்குத் தெரியும். அவ்வாறே, தாப்பா பேருந்தில் ஏற எடுத்து வைத்த கால் வெறும் காற்றை மிதித்தது. பத்துமலை முழங்கால் அடிபட விழுந்தான். வரிசை சிரித்தது.

அவன் எழுந்து, சிரித்தவர்களைத் தேடி முதலில் தன் குருட்டுப் பக்கமே திரும்பினான். பின்னர் கழுத்தை முழுவதும் திருப்பி, முகம் முகமாகத் தேடிவந்து, சிரிக்காத ஒரு முகத்தில் நின்றான். கை இடுப்புக்குப் போயிற்று.

"என்னா பாக்குறே?"

ஜெயபாலன் நாற்காலியைப் பின்னுக்குத் தள்ளினான். கார்த்திகேசுவின் கை, ஆவி பறக்கும் தேநீரின் மீது இருந்தது. இம்முறை அவன் தலையையும் திருப்பியிருந்தான். கண்ணாடிக் கண்ணும் உயிருள்ள கண்ணும் ஒரே திசையை நோக்கியிருந்தன.

"ஒன்னத்தான்," என்றான்.