கையை ஆட்டினால் போதாது

போலீஸ்காரர் கையை ஆட்டியும் கிளம்பாததற்காக ஒருவன் மேல் வழக்குப் போடுவார்கள் என்பதை அக்காவால் ஜீரணிக்கவே முடியவில்லை. பல் டாக்டருக்குப் பக்கத்தில் நின்று கருவிகளை எடுத்துக் கொடுத்துக்கொண்டிருந்தவள், போன் வந்ததும் அப்படியே ஓடி வந்திருந்தாள். ஒரு கையிலிருந்த ரப்பர் உறையைக் கழற்றக்கூட மறந்துவிட்டாள்.

தம்பிக்கு ஆட்டிசம். ரொட்டி வேன் ஓட்டுகிறான், அதுவும் அவளைவிட ஒழுங்காக. அவனைப் போன்றவர்களுக்கென்று சட்டமே இருக்கிறது. கண்ணாடியில் ஆட்டிசம் அட்டை ஒட்டிய வண்டியை நிறுத்தினால் கத்தக் கூடாது. அவனிடமே நேராகப் பேச வேண்டும். சோதனை முடிந்ததும் போகலாம் என்று வாயால் சொல்ல வேண்டும். அதை நம்பித்தான் அக்கா வீட்டு வாசலில் போலீஸ் வேஷம் போட்டு அவனைப் பழக்கியிருந்தாள். "போலாம்னு சொன்னாத்தான் கிளம்பணும்டா" என்று படித்துப் படித்துச் சொல்லியிருந்தாள்.

இந்த மகானுபாவரோ லைசென்ஸைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, ஈ விரட்டுவதுபோல் கையை ஆட்டிவிட்டு அடுத்த வண்டிக்குப் போய்விட்டார். தம்பி காத்திருந்தான். பின்னால் ஹாரன்கள் அலறின. திரும்பி வந்தவர் கத்த, அவன் காதைப் பொத்திக்கொள்ள, திமிர் என்று நினைத்து சாவியைப் பிடுங்கிக்கொண்டார்.

"கைய காட்டினேனேம்மா! ஊருக்கே புரியுது, இவனுக்குப் புரியாதா?"

"அதுக்குத்தானே சார் அட்டை ஒட்டியிருக்கு. அவன்கிட்டயே பேசுங்க, வாயால சொல்லணும்."

"நடுரோட்டுல நின்னு சட்டமா படிக்க முடியும்?"

"உங்களுக்காகப் போட்ட சட்டம் சார். நீங்க படிக்காம, பல்லு பிடுங்குற இடத்துல வேலை பாக்குற நான் படிக்கணுமா?"

சுவரோடு பேசியிருந்தால்கூடக் கொஞ்சம் மரியாதை கிடைத்திருக்கும். கடைசியில் அவரே இறங்கி வந்தார். "வழக்குப் போட்டா தீர்ப்பு வர வரைக்கும் லைசென்ஸ் போயிடும். எதுக்கு வம்பு? இனிமே இவன் வண்டி எடுக்க மாட்டான்னு சொல்லுங்க. இப்பவே விட்டுடறேன்."

அக்காவுக்குப் போதும் போதும் என்றாகியிருந்தது. கோர்ட்டு, லீவு, டாக்டரின் முகச்சுளிப்பு எல்லாம் கண்முன் வந்து போயின. "சரி சார், எடுக்க மாட்டான்" என்றாள். சாவி அவள் கைக்கு வந்தது.

"என்கிட்ட கேக்கல," என்றான் தம்பி, ஸ்டியரிங்கைப் பார்த்தபடி.

"அவர் அப்படித்தாண்டா, விடு."

"நீயும் கேக்கல."

அவளுக்குப் பளாரென்று கன்னத்தில் அறை விழுந்ததுபோல் இருந்தது. அவனிடம் பேசுங்கள் என்று இவ்வளவு நேரம் தொண்டை கிழியக் கத்தியவள், அவன் பிழைப்பை அவன் தலைக்கு மேலேயே பேசி முடித்திருந்தாள். வெட்கமாக இருந்தது. ஜன்னலருகே குனிந்தாள்.

"வண்டி ஓட்டணுமாடா?"

"ஓட்டணும்."

"அப்போ வழக்கு நடக்கும். அது முடியற வரைக்கும் ஓட்ட முடியாது. கோர்ட்ல நீதான் பேசணும். அப்பவும் ஜெயிப்போம்னு நிச்சயமில்ல."

அவன் நெடுநேரம் யோசித்தான். போலீஸ்காரர் காலை மாற்றி மாற்றி நின்றார். ஹாரன்கள் ஓயவில்லை.

"கத்தாம கேட்டா பேசுவேன்," என்றான்.

அக்கா சாவியைப் போலீஸ்காரரிடமே நீட்டினாள்.

"வழக்குப் போடுங்க சார். கேக்கறத அவன்கிட்டயே கேளுங்க."