சக்களத்திக்குப் பெரிய என்ஜின்

...இரண்டு விரல், இரண்டே இரண்டு விரல்தான் இடிக்கிறது, துணியாக இருந்தால் உள்தையலைப் பிரித்து விட்டிருக்கலாம், எந்தச் சட்டையானாலும் பக்கவாட்டில் ஒரு விரல் துணியை உள்ளே மடித்து வைத்துத்தான் அவள் தைப்பாள், போடுகிறவர் நாளைக்கு ஒரு சுற்றுப் பெருப்பார் என்று தெரிந்து தைப்பதுதானே தையல், இந்த வண்டியைச் செய்த மகராசனுக்கு அந்தப் புத்தி இல்லை, இம்மி மிச்சம் வைக்காமல் தகட்டை அடித்து முடித்துவிட்டுப் போய்விட்டான். பளு தூக்கும் செயின் பிளாக்கில் என்ஜின் தொங்கிக்கொண்டிருந்தது. கொட்டகையின் தகரக் கூரைக்குக் கீழே, மூடியில்லாத பழைய காரின் வயிற்றுக்கு மேலே, ஆறு சிலிண்டர், பக்கத்துக்கு மூன்றாக அகலக் கால் பரப்பிக்கொண்டு... பழையது நாலு சிலிண்டர், ஒடிசலாக இருக்கும், இது அப்படியா, அளந்துதானே வாங்கினாள், ஆனால் கழுத்தில் கிடக்கும் தையல் டேப்பால், மார்பளவு எடுப்பதுபோல் சுற்றி வளைத்து அளந்தாள், அது எப்படிச் சரியாக வரும். வெல்டர் அதைக் கேட்டுவிட்டு வண்டிக்கு அடியில் படுத்தபடியே சிரித்தார். "இதுக்கு என்ன ஜாக்கெட்டா தைக்கப் போறீங்க அக்கா?" பிறகு வெளியே வந்து கையைத் துடைத்துக்கொண்டு விஷயத்தைச் சொன்னார், என்ஜின் ஸ்டியரிங் தண்டில் இடிக்குது, இந்தப் பக்கம் கொஞ்சம் தள்ளினா தண்டு தப்பிச்சிடும், ஆனா பக்கத்து சீட்டுல உக்கார்றவங்க கால் நீட்டற இடத்துத் தகட்டை வெட்டி உள்ள தள்ளணும், வேற வழியே இல்ல. கட்டிங் சக்கரம் தேய்ந்துவிட்டது, வாங்கிவரப் போகிறார். "அதுக்குள்ள யோசிச்சு வைங்க, வெட்டினா வெட்டினதுதான்."

வெட்டினால் வெட்டினதுதான், அது அவளுக்குத் தெரியாதா, முப்பது வருஷமாகக் கத்தரி பிடிக்கிற கை. இதில் யோசிக்க என்ன இருக்கிறது... இருந்தாலும் ஒரு பெயிண்ட் டின்னைக் கவிழ்த்து, பக்கத்து சீட் வரவேண்டிய இடத்தில் போட்டு, வண்டிக்குள் ஏறி உட்கார்ந்தாள். காலை நீட்டினாள். தாராளமாக நீண்டது. இந்த இடம் அவளுடைய இடம், வண்டி மொத்தமும் புருஷனுடையது, இந்தச் சதுரம் மட்டும் அவளுடையது, வண்டி ஓடிய காலத்தில் செருப்பைக் கழற்றிவிட்டு வெறுங்காலைத் தகட்டில் வைப்பாள், என்ஜின் சூடு பாதத்தில் ஏறும், மழை நாளில் அது எவ்வளவு சுகம், அவர் கியர் மாற்றும்போதெல்லாம் அவர் விரல்முட்டி அவள் முழங்காலில் இடிக்கும், தெரிந்து இடிக்கிறாரா தெரியாமல் இடிக்கிறாரா என்று அவளும் கேட்டதில்லை, அவரும் சொன்னதில்லை. வாய் திறந்து பேசுகிற மனுஷனா அவர்? வளைவுகளில் மட்டும் "பிடிச்சுக்க" என்பார். எதைப் பிடித்துக்கொள்வது என்று ஒரு நாள் கேட்டாள். அவர் காது சிவந்துபோனது, நாற்பது வயது ஆம்பளைக்குக் காது சிவந்ததை அன்றைக்குத்தான் பார்த்தாள். அவர் ஞாயிற்றுக்கிழமை முழுக்க வண்டியைத் துடைத்துக்கொண்டே இருப்பதைப் பார்த்து, "எனக்குச் சக்களத்தி வந்துட்டா" என்று அவள்தான் பேர் வைத்தாள். மகள்கூட, சின்னப் பெண்ணாக இருக்கும்போது, அது வண்டியின் கம்பெனிப் பேர் என்றே நினைத்துக்கொண்டு பள்ளிக்கூடத்தில் போய்ச் சொல்லிவிட்டு வந்தாள்.

அப்புறம் அந்தச் சத்தம். டிக் டிக் என்று எங்கோ ஒரு மூலையில்... அவளுக்குக் கேட்கவே இல்லை, இன்றுவரை கேட்டதில்லை, அவருக்கு மட்டும் கேட்டது. அதைத் தேடித்தான் முதலில் கதவைக் கழற்றினார், அடுத்து டேஷ்போர்டை, அடுத்து கியர்பாக்ஸை, கடைசியில் என்ஜினையே தூக்கி வெளியே வைத்தார், வண்டி எலும்புக்கூடாக நின்றது, சத்தம் கிடைக்கவில்லை. எது எங்கே மாட்டுகிறது என்று ஒரு சீட்டாவது ஒட்டி வையுங்களேன் என்று சொல்லிப் பார்த்தாள். "எல்லாம் மண்டையில இருக்கு." மண்டையில்தான் இருந்தது, மண்டையோடு போய்விட்டார். வெளியூரில் ஒரு வருஷ வேலை, நல்ல சம்பளம், போய்விட்டு வந்து மாட்டிக்கொள்ளலாம் என்று பெட்டியைத் தூக்கினார். ஒரு வருஷம் இரண்டானது, பிறகு இத்தனை என்று எண்ணுவதை அவள் விட்டுவிட்டாள். அங்கே வேறு ஒருத்தி இருந்தாலாவது வாய்விட்டுத் திட்டலாம், நாலு பேரிடம் சொல்லி அழலாம். மகள் போய்ப் பார்த்துவிட்டு வந்தாளே, ஒரு கட்டில், ஒரு நாற்காலி, ஜன்னல் ஓரமாக ஒரு தட்டு ஒரு தம்ளர், வேறு யாரும் இல்லைம்மா என்றாள், ஆறுதல் சொல்வதாக நினைத்துக்கொண்டு. வேறு யாரும் இல்லாமலே ஒரு மனுஷன் வராமல் இருக்க முடியுமா, முடிகிறதே, அதைத்தானே அவளால் ஜீரணிக்க முடியவில்லை. ஒரு நாற்காலி போதும் என்று இருக்கிற ஆளுக்கு இங்கே என்ன குறை வைத்தாள்? டிக் டிக் என்று அவளிடமும் ஏதாவது கேட்டதா, கேட்டிருந்தால் சொல்லியிருக்கலாம் அல்லவா, கழற்றிப் பார்த்திருக்கலாம்...

போன வருஷம் மகள் போனில் பேசும்போது, அப்பா கேட்டார்மா என்றாள். என்ன கேட்டார்? வண்டி என்னாச்சுன்னு கேட்டார். அவ்வளவுதானா? அவ்வளவுதான். என்னைப் பற்றிக் கேட்டாரா என்று நாக்கு நுனி வரை வந்ததை விழுங்கிவிட்டு, துருப் பிடித்துக் கிடக்கிறது என்று சொல்லு, என்றாள் வெடுக்கென்று. மறுநாள் தையல் கடையைத் திறப்பதற்கு முன்னால் கொட்டகையைத் திறந்தாள். அப்படித்தான் ஆரம்பித்தது, ஆசை என்று யாரிடமும் சொல்லவில்லை, இடத்தை அடைத்துக்கொண்டு கிடக்கிறது, ஒழுங்குபடுத்தி விற்றுவிடலாம் என்று பார்க்கிறேன் என்று கேட்டவர்களுக்கெல்லாம் ஒரே பதில். பிஸ்கட் டின்களில் போல்ட்டும் நட்டும், ஊறுகாய் பாட்டிலில் வாஷர்கள், எது எதற்கு என்று யாருக்குத் தெரியும், தலையைச் சொறிந்துகொண்டு உட்கார்ந்தாள், பிறகு ஒரு நாள் புத்தி வந்தது, பட்டன் பிரிப்பதுபோல் பிரித்தாள், தலை ஒரே மாதிரி இருப்பது ஒரு குவியல், தேய்மானம் ஒரே மாதிரி இருப்பது ஒரு குவியல், எந்தத் துளையைச் சுற்றி எந்தத் தலையின் தடம் பதிந்திருக்கிறது என்று வைத்து வைத்துப் பார்த்தாள். ஒரு கதவு நின்றது. அடுத்த கதவும் நின்றது. மகள் போட்டோ எடுத்து அவருக்கு அனுப்பினாள், "பரவாயில்லையே" என்று பதில் வந்ததாம். பரவாயில்லையே. அந்த ஒரு வார்த்தையை வைத்துக்கொண்டு அவள் ஒரு மாசம் ஓட்டினாள், வெட்கக்கேடு, ஐம்பது வயதில். அப்புறம்தான் அது வந்தது, ஓடற மாதிரி ஆனா சொல்லு, வந்து பாக்கறேன் என்று. மகள் அதைச் சாதாரணமாகத்தான் சொன்னாள். அவள்தான் காலர் தைத்துக்கொண்டிருந்த ஊசியை விரலில் ஏற்றிக்கொண்டாள்.

பழைய என்ஜினுக்குள் தண்ணீர் இறங்கி இறுகிப்போயிருந்தது, பிளாக்கில் விரிசல், இனி ஆகாது என்று வெல்டர் கையை விரித்தார். அதே மாதிரி சின்னதாக ஒன்று தேடலாம், கொஞ்ச நாள் ஆகும் என்றார். கொஞ்ச நாளா, அவளுக்கு எங்கே பொறுமை, அதோடு புருஷன் ஏற்றத்தில் போகும்போதெல்லாம் ஸ்டியரிங்கைத் தட்டிக்கொண்டே சொல்வது ஞாபகம் வந்தது, "இவளுக்கு மட்டும் கொஞ்சம் பெரிய என்ஜின் இருந்துச்சுன்னா..." இருந்துச்சுன்னா என்ன செய்வீங்க, எங்கே போவீங்க என்று அவள் கேட்டதில்லை. அதனால் பெரியதாகவே வாங்கினாள். பின்னால் நசுங்கிய ஒரு பெரிய காரிலிருந்து இறக்கியது, முன்பக்கம் ஒரு கீறல் இல்லை. வரட்டும், வந்து மூடியைத் திறந்து பார்க்கட்டும், காது சிவக்கிறதா இல்லையா பார்க்கலாம். சீட்டும் அப்படித்தான், வண்டிக்குப் பெயிண்ட் அடிப்பதற்கு முன்பே ஓட்டுகிற சீட்டைத் தைத்து மாட்டிவிட்டாள், யாராவது இப்படிச் செய்வார்களா என்று வெல்டர் தலையில் அடித்துக்கொண்டார். சீட்டை முன்னும் பின்னும் நகர்த்துகிற தண்டவாளம் துருவேறி உதிர்ந்துபோயிருந்ததால், நேராகத் தரையிலேயே துளை போட்டு முடுக்கினாள். எங்கே துளை போடுவது என்று ஒரு நொடிகூடத் தயங்கவில்லை, எத்தனை பேன்ட் தைத்திருக்கிறாள் அந்தக் காலுக்கு, உள்கால் முப்பத்து மூன்று, தொடை எவ்வளவு, முட்டிக்குக் கீழே எவ்வளவு, எல்லாம் கைக்குள் இருக்கிறது, அளவு டேப்பைப் பார்க்கக்கூட வேண்டாம். அவர் இளைத்திருப்பாரோ? இளைத்தால் என்ன, கால் குட்டையாகிவிடுமா...

வெல்டர் புதுச் சக்கரத்தோடு வந்துவிட்டார். பெயிண்ட் டின்னில் காலை நீட்டி உட்கார்ந்திருந்தவளைப் பார்த்து, என்ன அக்கா, ஊருக்குக் கிளம்பியாச்சா என்றார். அவள் எழுந்து இறங்கினாள். யோசிச்சீங்களா? யோசித்தாள், யோசித்ததெல்லாம் வேறு. "எவ்வளவு உள்ள வரும்?" அவர் கையை மடக்கிக் காட்டினார், முழங்கை வரை. உக்கார்றவங்க காலைக் கொஞ்சம் மடக்கி ஒருக்களிச்சு உக்காரணும், ரொம்பத் தூரம் போனா வலிக்கும், அவ்வளவுதான் என்றார். மடக்கிக்கொள்ளலாம். ஒரு வளைவு, இன்னொரு வளைவு, ஆற்றுப் பாலம் வரை போய்த் திரும்பினால்கூடப் போதும், அதற்கு ஒருக்களித்து என்ன, தலைகீழாகக்கூட உட்காரலாம். "வெட்டுங்க, காலை மடக்கிக்கலாம்." கோடு போட ஏதாவது இருக்கா என்று அவர் சட்டைப்பையைத் தடவினார். அவள் இடுப்பில் செருகியிருந்த தையல் சாக்பீஸை எடுத்து, அவர் கைக்குக் கொடுக்காமல், தானே குனிந்து கோடு போட்டாள், ஒரே இழுப்பு, நடுங்காமல் போட்டாள், அக்குள் வளைவு மாதிரி அழகாக வந்தது. ஓட்டுகிற சீட்டின் மேல் தீப்பொறி விழாமல் ஈரச் சாக்கைப் போர்த்தினாள். பக்கத்தில் போர்த்துவதற்கு ஒன்றும் இல்லை. கிரைண்டர் அலறியது, காதைப் பொத்திக்கொண்டாள், தகடு சிவந்து, மடங்கி, அவள் பாதம் வைக்கும் இடம் ஒரு துண்டாகக் கீழே விழுந்தது. எடுத்துப் பார்த்தாள். ஒரு பக்கம் பெயிண்ட் தேய்ந்து வழவழவென்று இருந்தது, குதிகால் பட்ட இடம்தான், வேறு எதுவாக இருக்கும். சூடாக இருந்ததால் சட்டென்று கீழே வைத்துவிட்டாள்.

என்ஜின் இறங்கியது. அவர் சங்கிலியைத் தளர்த்தத் தளர்த்த, அவள் இரண்டு கையாலும் அதைத் தள்ளிப் பிடித்து, மெதுவா, மெதுவா, இந்தப் பக்கம், ஆ, அவ்வளவுதான்... உட்கார்ந்துவிட்டது. எங்கும் இடிக்கவில்லை. சட்டை தோளில் சரியாக விழும்போது ஒரு நிம்மதி வருமே, அதேதான், அதைவிடப் பத்து மடங்கு, வாய்விட்டுச் சிரித்துவிட்டாள், வெல்டரும் சிரித்தார், முகமெல்லாம் கரி. போல்ட்டுகளை முடுக்கினார்கள். ராத்திரி மகளிடம் சொல்லலாமா, இன்னும் ஒயரிங் இருக்கிறது, பெட்ரோல் டேங்க் இருக்கிறது, சொல்லக்கூடாது, சொன்னால் அவரிடம் போய்விடும், அப்புறம் அவர் வந்து நிற்கும்போது ஓடவில்லை என்றால்? வரும்போது இந்தச் சந்து வழியாகத்தான் வருவார், டாக்சியில் வருவாரா, நடந்து வருவாரா... "அக்கா, கிளட்ச் ஒயரை மாட்டிட்டேன், இழுக்குதான்னு பாக்கணும். ஏறி அமுத்துங்க, நான் கீழ இருந்து பாக்கறேன்."

சாக்கை எடுத்துப் போட்டுவிட்டு ஏறி உட்கார்ந்தாள். அவள் தைத்த சீட், நல்லாத்தான் இருந்தது, முதுகைச் சரியாக வாங்கிக்கொண்டது. காலை நீட்டினாள். கிளட்ச் எட்டவில்லை. இன்னும் நீட்டினாள், கட்டைவிரல் நுனி காற்றைத்தான் தடவியது. என்னடா இது, அளவு தப்பிவிட்டதா, முப்பத்து மூன்றுதானே வைத்தேன், துளையை மாற்றிப் போட்டுவிட்டேனா என்று குனிந்துகூடப் பார்த்தாள். சரியாகத்தான் இருந்தது. அளவெல்லாம் சரியாகத்தான் இருந்தது. தினமும் கடை வேனை ஓட்டிக்கொண்டு போய் அத்தனை பெரிய துணிக் கட்டுகளை இறக்கிவிட்டு வருகிறவள், நெரிசலில் ஒரு கையால் திருப்புகிறவள், இந்த ஒரு வருஷத்தில், ஒரே ஒரு தடவை, கனவிலாவது, இந்தப் பக்கம் உட்கார்ந்து பார்த்திருக்கிறாளா? "அமுத்துங்க அக்கா!" சீட்டின் விளிம்புக்கு நகர்ந்து, தொங்கினாற்போல் உட்கார்ந்து, அமுத்தினாள். கீழே ஏதோ நகர்ந்து சொடக்குப் போட்டது. "ஆங், இழுக்குது, இழுக்குது! அப்படியே பிடிச்சிருங்க, முடுக்கிடறேன்." பிடித்துக்கொண்டாள். முதுகுக்குப் பின்னால் ஒன்றுமில்லை, கையைப் பின்னால் விட்டுத் தடவினாள், ஒன்றரைச் சாண் கழித்துத்தான் சீட்டின் முதுகு கைக்குத் தட்டுப்பட்டது.

"இந்த சீட்டை முன்னாடி கொண்டு வரணும்னா," என்று கேட்டாள், "இதுக்கும் எதையாவது வெட்டணுமா?"

"இதுக்கு எதுக்கு வெட்டணும்?" ஸ்பானர் சத்தத்துக்கு நடுவில் அவர் குரல் வந்தது. "நாலு போல்ட்டுதானே. புதுசா நாலு ஓட்டை போட்டாப் போதும், அஞ்சு நிமிஷ வேலை. இப்பவே மாத்திடட்டுமா?"

நாலு போல்ட்டு. மாற்றினால் அவர் கால் மடங்காது, முட்டி ஸ்டியரிங்கில் இடிக்கும், உட்காரவே முடியாது, வந்து நின்று பார்த்துவிட்டுத்தான் போகவேண்டும். அக்கா, கேட்டேனே, மாத்திடட்டுமா என்று கீழேயிருந்து வெல்டர் மறுபடி கேட்டார். கிளட்ச்சை விடச் சொல்லி அவர் இன்னும் சொல்லவில்லை, அதனால் அவள் அமுத்திக்கொண்டே இருந்தாள்.