ஆயிரத்து நூறு ராத்தல்

“அம்பத்திரண்டு!” என்று ஓகலீனா முற்றத்திலிருந்து கத்தினாள்.

“அம்பத்திரண்டு,” என்று ஜன்னலுக்கு உள்ளேயிருந்து அவள் புருஷன் வசீலி திருப்பிச் சொன்னான்.

மீன் நிறுக்கிற தராசு, மீனைப் புகைபோட்டு உலர்த்துகிற புகைக்கூடத்து உத்தரத்தில் தொங்கியது. அதன் கொக்கியிலிருந்து கூடாரப் பையை இறக்கிவிட்டு, அடுத்ததாகத் துடுப்புக் கட்டை மாட்டினாள். சனிக்கிழமை மேல் ஏரிக்கு மிதவை விமானம் போகிறது. மூன்று விருந்தாளிகள், ஏழு நாள். ஏரியில் இறங்கி, ரப்பர் படகில் மீன் பிடித்துக்கொண்டே ஆற்றோடு கீழே வர வேண்டும். சாமான்களும் வழிகாட்டிகளும் முதல் நடை, விருந்தாளிகள் இரண்டாம் நடை. முதல் நடையில் ஆயிரத்து நூறு ராத்தலுக்கு மேல் ஓர் உப்புப் பொட்டலம்கூட ஏற்ற விமானி கர்டிஸ் சம்மதிக்க மாட்டான். முப்பத்தொரு கோடைகளாக இதே தராசு, இதே கத்தல். எழுதுகிறவன் படுக்கையில் கிடப்பது மட்டும்தான் இந்த வருஷம் புதிது.

மே மாதமே ஆங்கரேஜ் நகரத்து ஆஸ்பத்திரியில் கையை விரித்துவிட்டார்கள். ஆறு வாரம் என்றார் டாக்டர். வசீலி பன்னிரண்டாவது வாரத்தில் இருந்தான். அதில் அவனுக்குக் கொஞ்சம் பெருமைகூட உண்டு. ஆறு தெரிகிற ஜன்னலோரமாகக் கட்டிலை இழுத்துப் போடச் சொல்லி, மடியில் பலகையை வைத்துக்கொண்டு, இந்த ஒரு பயணத்துக்குத் திட்டம் போடுவதிலேயே அந்தப் பன்னிரண்டு வாரத்தையும் கழித்தான். முன்னே நின்று நடத்தப்போவது அவன் தம்பி சிமியோன். இருபது வருஷம் அண்ணன் கூடவே போய்வந்தவன். ஆனாலும் திட்டத்தை மட்டும் அவன் கையில் விடுவதாக வசீலி இல்லை.

ஓகலீனா தேநீரோடு உள்ளே வந்தாள்.

“விருந்தாளிகள்ல அந்தப் பல் டாக்டர், தன் எடை எவ்வளவுன்னு எழுதி அனுப்பியிருக்கார்?” என்று கேட்டான்.

“நூத்தி எண்பத்தஞ்சு.”

“எரநூத்திப் பத்து போட்டிருக்கேன். போன வருஷம் அவர் உக்காந்த பக்கம் படகு தண்ணி குடிச்சுது. மனுஷன் ரெண்டு விஷயத்துலதான் பொய் சொல்றான். புடிச்ச மீனோட எடையில கூட்டுவான், தன்னோட எடையில குறைப்பான்.”

“வாயைக் குறைச்சுக்கிட்டு டீயைக் குடி.”

அவன் குடித்தான். ஒரு மிடறு உள்ளே போனது, மிச்சம் மோவாயில் வழிந்தது. அவள் துடைத்துவிட்டாள்.

“உன் எடை என்ன?” என்றான், காகிதத்தைப் பார்த்தபடியே.

“எதுக்கு?”

“சும்மாதான்.”

“நூத்தம்பது.”

“நூத்தம்பது,” என்று திருப்பிச் சொல்லி, எதையோ எழுதினான். படகுத்துறையில் நடந்துவருகிற எந்த ஆளையும் பார்த்த மாத்திரத்தில், மூன்று ராத்தல் முன்னே பின்னே எடை சொல்லிவிடுகிறவன் அவன். கல்யாணமான நாளிலிருந்து அவள் நூற்றைம்பதுதான் சொல்லிவருகிறாள். அவனும் ஒரு நாளும் மறுத்ததில்லை.

“மடக்கு நாற்காலியைப் பட்டியல்லேர்ந்து அடிச்சுட்டேன்,” என்றான் அடுத்து.

“நாலையுமா? இவங்க எதுல உக்காருவாங்க?”

“கரையில மரமே இல்லையா? கட்டை மேல உக்காரட்டும். அடுப்புல வைக்கிற இரும்புக் கல்லும் வேணாம், சின்ன வாணலி போதும். கறி வெச்ச பெரிய ஐஸ் பெட்டியும் வேணாம். ஆத்துல மீன் இருக்குல்ல?”

“உனக்கு என்ன புடிச்சிருக்கு இன்னிக்கு? இப்படியே போனா கூடாரத்தையும் அடிச்சுடுவ போலிருக்கே!”

அவன் சிரித்தான். சிரிப்பு இருமலாகிவிட்டது. இருமல் ஓய்ந்ததும் வேலைக்குத் திரும்பினான். கரடியை விரட்டுகிற மிளகாய் மருந்தைக் கர்டிஸ் விமானத்துக்குள் வைக்க விடமாட்டான், அடியிலிருக்கிற மிதவைக்குள்தான் வைக்க வேண்டும், சிமியோன் அதை மறந்துவிடுவான், சொல்லிவை என்றான். போன வருஷம் ஐந்தாம் நாளே காப்பித்தூள் தீர்ந்து பல் டாக்டர் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டார், அதையும் பார் என்றான். மூன்றாம் நாள் வளைவில் சிவப்பு சால்மன் கூட்டத்துக்குப் பின்னால்தான் ட்ரவுட் மீன் நிற்கும், சிந்துகிற முட்டையைத் தின்ன. சால்மன் மேல் தூண்டிலை வீசாமல் இரண்டு முழம் பின்னால் வீசச் சொல்ல வேண்டும் என்றான்.

இதெல்லாம் ஓகலீனாவுக்கு மனப்பாடம். ஆனால் அந்த வளைவை அவள் பார்த்ததில்லை. மேல் ஏரியையும் பார்த்ததில்லை. முப்பத்தொரு வருஷம் மூட்டை கட்டினாள், சனிக்கிழமை தோறும் துறையில் நின்று கையாட்டினாள், சாயந்தரம் ஏழு மணிக்கு, ஆற்றிலிருப்பவர்களோடு பேசுகிற வானொலிப் பெட்டி முன்னால் உட்கார்ந்து, “எல்லாரும் சுகமா, ஓவர்” என்று கேட்டாள். கல்யாணமான புதிதில், நானும் வருகிறேன் என்று சண்டையே போட்டிருக்கிறாள். “இந்த வருஷம் எடை இடிக்குது, அடுத்த வருஷம்” என்பான். அடுத்த வருஷமும் இடித்தது. பிறகு அவள் கேட்பதை விட்டுவிட்டாள். ஆசையை விட்டதாக அர்த்தமில்லை. “அங்கே எப்படித்தான் இருக்கும்?” என்று கேட்டால், “நல்லா இருக்கும்” என்பான். ஏரியைப் பற்றி அவன் வாயிலிருந்து வந்த முழு வர்ணனையும் அவ்வளவுதான். அந்த ஒரு வார்த்தையை வைத்துக்கொண்டு அவள் என்ன செய்வாள்?

மத்தியானம் சிமியோன் வந்து படகுகளைக் கட்டிவிட்டுப் போனான். நிறுக்க உருளைக்கிழங்கு மூட்டை ஒன்றுதான் பாக்கி. வெயில் நன்றாக அடித்தது. ஓகலீனா மூட்டையைக் கொக்கியில் மாட்டினாள். முள் ஆடி நின்றது.

“நாப்பத்தாறு!”

உள்ளேயிருந்து பதில் வரவில்லை.

“நாப்பத்தாறு, வசீலி!”

தூங்கிவிட்டான் என்று நினைத்தாள். ஆனால் பாதிக் கணக்கில் அவன் ஒருநாளும் தூங்கியதில்லை. மூட்டையை இறக்காமலே உள்ளே போனாள். பென்சில் கட்டிலுக்குக் கீழே உருண்டு கிடந்தது. அவன் தலை ஆற்றுப் பக்கம் சாய்ந்திருந்தது. கண் பாதி திறந்திருந்தது. அவள் அதை மூடிவிட்டு, பலகையை எடுத்து மேஜையில் குப்புற வைத்தாள். அவன் கை இன்னும் சூடாக இருந்தது. அந்தச் சூடு ஆறும்வரை பக்கத்தில் உட்கார்ந்து அழுதாள். அப்புறம் எழுந்துபோய் நாத்தனாரைக் கூப்பிட்டாள்.

*

இரண்டு நாள் வீட்டில் ஆள் மாற்றி ஆள் பைபிளிலிருந்து சங்கீதங்களைப் படித்தார்கள். சவப்பெட்டியைச் சிமியோனும் இன்னும் நாலு பேரும் படகுக் கொட்டகையில் வைத்துச் செய்தார்கள். மூடி இரண்டு விரற்கடை நீளமாகிவிட்டது. அண்ணன் இருந்தால் கத்தியிருப்பார் என்று சிமியோன் சொல்லி, எல்லாரும் சிரித்தார்கள், பிறகு அறுத்துச் சரிசெய்தார்கள். வெள்ளிக்கிழமை காலை கர்டிஸ் பாதிரியாரைக் கூட்டிவந்தான். மத்தியானத்துக்குள் அடக்கம் முடிந்தது. மேட்டுக் கல்லறையில் பாதி ஊர் மண் போட்டது, மீதி ஊர் கொசு அடித்தது.

வீடு நிறைய ஆட்கள். மூஸ் மான் சூப்பும் ரொட்டியும் மீனும் ஓடிக்கொண்டிருந்தன. வசீலியின் அக்கா ஃபியோதோரா, ஊர் விருந்துக்கெல்லாம் சமைக்கிறவள், நல்ல கனத்த உடம்புக்காரி, அகப்பையோடு நின்று எல்லாரையும் அதட்டிச் சாப்பிட வைத்தாள்.

கர்டிஸ் தயங்கித் தயங்கிப் பேச்சை எடுத்தான். “நாளைக்கு நடை உண்டா இல்லையா? இல்லேன்னா இப்பவே சொல்லிடுங்க. அந்த மூணு பேரையும் ஆங்கரேஜ்லயே நிறுத்திடலாம்.”

“உண்டு. அண்ணன் அதுக்காகத்தானே இத்தனை நாள் இழுத்துப் புடிச்சு இருந்தார்,” என்று சிமியோன் பலகையை எடுத்துத் திருப்பினான். எழுதியிருந்ததை உரக்க வாசித்துக்கொண்டே வந்தான். படகு, கூடாரம், துடுப்பு, பெட்டிகள். “சிமியோன், நூத்தித் தொண்ணூத்தி நாலு. சரிதான். அப்புறம்... சமையல், நூத்தி எழுபத்தொண்ணு. இது யாரு?”

மேஜையில் இருந்த எல்லார் கண்ணும் ஒரே நேரத்தில் அகப்பை பக்கம் திரும்பின.

“என்னையா எழுதியிருக்கான்?” ஃபியோதோராவுக்கு முகம் சிவந்துவிட்டது. “சாகப்போற நேரத்துல கூடப்பொறந்தவளை நிறுத்துப் பாத்திருக்கானே! இந்த முழங்காலை வெச்சுக்கிட்டு நான் எந்த ஏரிக்குப் போறது? அதுவும் நூத்தி எழுபத்தொண்ணாம்! நான் என்ன அவ்வளவு இளைச்சா போயிட்டேன்?”

“கணக்குல தப்பு வந்திருக்கும்,” என்றான் சிமியோன். “மருந்து மயக்கம். அந்த வரியை அடிச்சுட்டு நாற்காலியை ஏத்திக்கலாம்.” பென்சிலை எடுத்தான்.

ஓகலீனா அடுப்பங்கரையில் ரொட்டித் தட்டோடு நின்றிருந்தாள். நாற்காலிகள், இரும்புக் கல், ஐஸ் பெட்டி என்று அவன் ஒவ்வொன்றாக அடித்தது ஏன் என்று அப்போதுதான் அவளுக்கு உறைத்தது. வசீலி போகாததால் காலியான இடம் போதாமல், மிச்சத்தை அவன் நாற்காலி நாற்காலியாகத் தோண்டியெடுத்திருக்கிறான். இப்போது வாயைத் திறக்காவிட்டால் சிமியோன் அந்த வரியை அடித்துவிடுவான். திறந்தால் பாதிரியார் உட்பட பாதி ஊர் முன்னால் நூற்றைம்பது என்ற முப்பத்தொரு வருஷத்துப் பொய் வெளுத்துவிடும்.

“அடிக்காதே,” என்றாள். “அது நான்தான்.”

கர்டிஸ் வாய்ப்பழக்கத்தில் கேட்டுவிட்டான்: “நிஜ எடையா, விருந்தாளி எடையா?”

“நிஜ எடை.”

யாரோ ஒருவர் களுக்கென்று சிரித்தார். அப்புறம் வீடே சிரித்தது. ஓகலீனாவும் சிரித்தாள், கண்ணில் தண்ணீர் வர.

ஃபியோதோரா சிரிக்கவில்லை. “அப்போ நாப்பது நாள் அவனுக்கு எரிய வேண்டிய விளக்கு? கட்டினவ வீட்டுல இல்லாம, புதைச்ச மறுநாளே மீன் புடிக்கப் போனாள்னு ஊர் பேசாதா?”

“பேசும் அக்கா.”

“பேசினா?”

“நான் இங்கே இருக்கமாட்டேனே, எனக்கெங்கே கேக்கப்போகுது?” என்றாள் ஓகலீனா. பிறகு, குரலைத் தாழ்த்தி, “எனக்கு அந்த ஏரியைப் பாக்கணும் அக்கா. எப்பவுமே பாக்கணும்னுதான் இருந்தேன்,” என்றாள்.

ஃபியோதோரா அகப்பையை வைத்துவிட்டுப் பலகையைத் தன் பக்கம் இழுத்தாள். விரலை ஓட்டி ஓட்டி, எழுதியிருந்ததை விட்டுவிட்டு, அடித்திருந்த வரிகளைப் பார்த்தாள். வெகுநேரம் பார்த்தாள்.

“நாலு நாற்காலியையும் அடிச்சிருக்கான்,” என்றாள். மூக்கை உறிஞ்சினாள். “விளக்கை நான் பாத்துக்கறேன். ஏழு மணிக்கு வானொலிப் பெட்டி முன்னாலயும் நானே உக்காந்துக்கறேன். ஓவர் கீவர்னு எல்லாம் என்கிட்ட சொல்லக் கூடாது.”

காகிதத்தில் உருளைக்கிழங்குக்கு நேரே காலியாக இருந்தது. ஓகலீனா நாற்பத்தாறு என்று எழுதிக் கூட்டினாள். ஆறு ராத்தல் அதிகம். புகைக்கூடத்துக்குப் போய் ஆறு ராத்தல் கிழங்கை எடுத்துவந்து, நறுக்கி, கொதிக்கிற சூப்பில் போட்டாள்.

*

மறுநாள் காலை, துறையில் கர்டிஸ் அவளைச் சரக்குத் தராசில் ஏறச் சொன்னான். “நூத்தி அறுபத்தெட்டு,” என்றான். “மூணு ராத்தல் இடம் இருக்கு.”

“மூணு நாளா சரியா சாப்பிடல,” என்றாள் ஓகலீனா. “சிமியோன், ஓடிப்போய் காப்பித்தூள் எடுத்துட்டு வா. மூணு ராத்தல்.”

நாற்பது நிமிஷம் பறந்தார்கள். சாமான்களை மேல் ஏரிக் கரையில் இறக்கிவிட்டு, விருந்தாளிகளைக் கூட்டிவரக் கர்டிஸ் திரும்பிப் போனான். இன்ஜின் சத்தம் மலைக்கு அந்தப் பக்கம் போய் ஓய்ந்ததும், ஏரி அசையாமல் கிடந்தது. சிமியோன் கூடாரக் கம்பிகளைப் பொருத்த உட்கார்ந்தான்.

“காப்பிக்குத் தண்ணி மொண்டுக்கிட்டு வரேன்,” என்று ஓகலீனா வாளியை எடுத்துக்கொண்டு ஓடை ஏரியில் சேர்கிற இடத்துக்கு நடந்தாள்.

முழங்காலளவு தண்ணீர்தான். இறங்கின பிறகுதான் பார்த்தாள்: அடியில் தெரிந்த சிவப்பெல்லாம் கல்லல்ல. தலை மட்டும் பச்சையாக, உடம்பெல்லாம் சிவந்து, கரைக்குக் கரை நெருக்கமாக சால்மன் ஏறிக்கொண்டிருந்தது. வாளியை முக்கலாம் என்று குனிந்தாள். முக்க இடமில்லை. வலது பக்கம் குனிந்தாள், அங்கேயும் மீன்.

“அண்ணி! தண்ணி என்னாச்சு?” என்று சிமியோன் கூப்பிட்டான்.

“இருப்பா,” என்றாள், திரும்பாமல். “மீனுங்க போயிட்டிருக்குதுங்க.”

வாளியைப் பிடித்தபடி, காலை அசைக்காமல் நின்றாள். மீன்கள் அவள் பூட்ஸை உரசிக்கொண்டு இரண்டாகப் பிரிந்து, பின்னால் மறுபடியும் ஒன்றாகிப் போய்க்கொண்டிருந்தன.