இரும்புக் கையில் இகராஷி

இதில் ஒரு சொல் பொய்யென்றாலும், அடுத்த வேளை நான் தின்னும் மீனின் முள் என் தொண்டையில் சிக்கட்டும்.

எங்கள் ஊர் எரிஉலையில் நான் கிரேன் ஓட்டினேன். மறுசுழற்சிக்கு ஆகாத வீட்டுக் குப்பையெல்லாம் பத்து ஆள் ஆழக் குழியில் வந்து விழும். கிரேனின் இரும்புக் கை அதை அள்ளி உலையின் வாயில் போடும். அந்தச் சூட்டில் ஊருக்கு மின்சாரம். பக்கத்து நீச்சல் குளத்துக்கு வெந்நீர். நாற்றம் வெளியே போகாதபடி, உலை குழியின் காற்றை உறிஞ்சிக்கொண்டே இருக்கும். கண்ணாடிக்குப் பின்னால் உட்கார்ந்திருக்கும் எனக்கு, பசித்த மிருகம் ஒன்று மூச்சிழுப்பதுபோலக் கேட்கும்.

எங்கள் வேலை விதிப்படி, எதைத் தொடுமுன்னும் அதை நோக்கி விரல் நீட்டி, உரக்கச் சொல்லிச் சரிபார்க்க வேண்டும். லாரிகள் வந்து கொட்டும் விளிம்பில் காவல் நிற்கும் இகராஷி இதில் சூரர். அன்று காலை, "இடுப்பு வார், சரி!" என்று கத்தி விரலை நீட்டிய வேகத்தில், விரலோடு ஆளும் குழிக்குள் போய்விட்டார். வாரைக் கொக்கியில் மாட்டவே இல்லை.

கிரேன் தானியங்கியில் ஓடிக்கொண்டிருந்தது. இரும்புக் கை இறங்கி, குப்பையோடு அவரையும் அள்ளிக்கொண்டு உலையை நோக்கிக் கிளம்பியது. என் வாக்கி டாக்கி அலறியது.

"டேய் குசகாபே! நான் குப்பை இல்லடா!"

"தெரியுதுண்ணே!"

"தெரிஞ்சா நிறுத்துடா, பாவி!"

சிவப்புப் பொத்தானை அடித்தேன். கிரேன் நின்றது, சரியாக உலையின் வாய்க்கு மேலே. மின்சாரம் போனதும் இரும்பு விரல்கள் மெல்லத் தளரத் தொடங்கின. பைகள் ஒவ்வொன்றாக நெருப்பில் விழுந்தன. பையில் வீட்டுப் பெயர் எழுத வேண்டுமென்பது ஊர்ச் சட்டம். அவர் வாசித்தார்.

"நாகாசே வீடு போச்சு... ஹிராய் வீடு போச்சு... டேய், அடுத்தது நான்தாண்டா!"

கிரேனைத் திரும்ப ஓட்ட ஏழு சரிபார்ப்பு. முப்பது வருடப் பழக்கம். அதைச் சொல்லாமல் என் கை லீவரைத் தொட மறுத்தது.

"விளக்கு, சரி! திசை, சரி! கம்பி, சரி!"

"நான் சரியில்லடா!"

நான்காவதில் நாக்கு ஒட்டிக்கொண்டது. ஐந்தாவது என்னவென்றே மறந்துபோனது. இகராஷியின் பூட்ஸ் ஒன்று கழன்று விழுந்தது. நெருப்பைத் தொடுமுன்பே புகையாகிவிட்டது. பிறகு வாக்கி டாக்கியில் பேச்சில்லை. அந்த மூச்சிழுப்பு மட்டும் கேட்டது. திட்டிக்கொண்டிருந்த வரையில் ஆள் இருந்தார்.

விரல் நீட்டாமல், வாய் திறக்காமல், லீவரை இழுத்தேன். வாழ்நாளில் நான் செய்த ஒரே விதிமீறல். இரும்புக் கை ஊசலாடி நகர்ந்து, பழுது பார்க்கும் தளத்தில் அவரைக் கொட்டியது.

ஓடிப்போய்ப் பார்த்தேன். புருவம் இரண்டும் கருகியிருந்தன. ஒரு பையைக் கட்டிப்பிடித்தபடி கிடந்தார்.

"அண்ணே, உசுரு இருக்கா?"

"கிதாமுரா வீட்டுல எரியிற குப்பையோட கண்ணாடி பாட்டில் போட்டிருக்காங்கடா. எழுதிக்கோ."

அந்த எரிஉலையைக் கட்டி முடித்தது, நான் வேலையிலிருந்து ஓய்வு பெற்றதற்கு மறு வருடம். அதனால்தான் நான் மீன் தின்பதை விட்டுவிட்டேன்.